ஆகாசத்து நேரம்

உங்கள் அறைச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம் கொஞ்சம் பிந்தி ஓடுகிறது. பெரிய கோளாறு ஒன்றுமில்லை, பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும். வந்து உட்கார்ந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட முதலில் சுவரைப் பார்ப்போம், அப்புறம்தான் மாப்பிள்ளையைப் பார்ப்போம்.

வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். மாட்டிக்கொண்ட பயத்தில் உளறுகிறான் என்றும் நினைக்க வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தைத் திருத்துவதற்காகத்தான் வாயைத் திறக்கிறேன். என் சகலையின் மேசைக் கடிகாரத்தை எங்கள் சங்கத்துப் பெண் ஒருத்தி பிரித்துப் பார்த்ததாகவும், அதன் ப்ரோகிராமில் ஒரு பிழை இருப்பதாக அவள் உங்களிடம் சொன்னதாகவும் சற்று முன் சொன்னீர்கள். அந்தப் பிழையால்தான் கடிகாரம் நடுநடுவே தப்பான மணியைக் காட்டியதாம். அவள் ரேடியோ பொறியியல் படிக்கிற கல்லூரிப் பெண், கெட்டிக்காரிதான். ஆனால் இதில் அவள் சொன்னது தவறு. அந்த ப்ரோகிராமை எழுதியவன் நான். அதில் பிழை கிடையாது. அது எதைக் காட்ட வேண்டும் என்று நான் நினைத்தேனோ அதைத்தான் காட்டியது.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நானும் அவரும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். மூத்தவளை அவர் கட்டினார், இளையவளை நான். மாமியார் வீட்டில் பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை என்று இரண்டு பதவி உண்டு. பெரிய மாப்பிள்ளை ஒரு தும்மல் போட்டால் வீட்டில் இருக்கிற அத்தனை ஜன்னலையும் சாத்துவார்கள். சின்ன மாப்பிள்ளை காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, அசதியில் தூங்குகிறார் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அவர் என்னை 'தம்பி' என்பார், 'நீ' என்பார். நான் 'அண்ணே' என்பேன், 'நீங்க' என்பேன். வயது வித்தியாசம் இருக்கிறது, அதனால் அது நியாயம்தான்.

அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் எடை போடும் கருவிகள் செய்கிற கம்பெனியில் ப்ரோகிராம் எழுதுகிறேன். எலக்ட்ரானிக்ஸில் பொழுதைப் போக்குகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு என்னை அழைத்துப் போனவர் அவர்தான். டயர் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை. எப்போதும் ரப்பர் வாசனை அடிக்கும். அங்கே அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர். ஆளும் அந்த உயரம், கேட்காதவனுக்கும் மணி சொல்லுவார். அந்தப் பெயரில் அவருக்குப் பெருமைதான். நானும் இனி அப்படியே சொல்கிறேன், 'என் சகலை, என் சகலை' என்று சொல்லிக்கொண்டிருப்பதை விட அது சுலபம். எனக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு. முதல் நாள் அவர் என் தோளைத் தட்டி, "இவர் என் சகலை" என்று எல்லோருக்கும் காட்டினார். அவ்வளவுதான். பல் டாக்டரிலிருந்து படி பெருக்க வருகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் நான் சகலை ஆகிவிட்டேன். உனக்கு என்ன பெயர் என்று இன்றுவரை ஒருவர் கேட்டதில்லை. இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

இனி கடிகாரத்துக்கு வருகிறேன். வரிசையாக ஆறு கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் பூஜ்ஜியத்திலிருந்து ஒன்பது வரை கம்பியில் வளைத்த பத்து எண்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். எதற்கு மின்சாரம் போகிறதோ அந்த எண்ணைச் சுற்றி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒளி படரும். பழைய அளவுக் கருவிகளில் இருந்தவை. பிரித்துப் போட்ட குப்பையிலிருந்து தேடித் தேடி எடுத்துச் சேர்த்தார். உடம்புதான் பழசு, நேரம் புதுசு. ஜன்னலில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் ஆன்டெனா இருக்கும். அது மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்களைக் கேட்டுக் கேட்டு நொடி பிசகாமல் மணியை வாங்கிக் கொடுக்கும். பெட்டி, குழாய், மின்சாரப் பகுதி எல்லாம் அவர் வேலை. ஆனால் செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்டு எந்தக் குழாயில் எந்த எண்ணை எரிய வைப்பது என்று முடிவு செய்வது என் ப்ரோகிராம். அது இல்லாவிட்டால் அந்தக் கடிகாரம் ஆறு காலிக் கண்ணாடி.

சங்கத்தின் கண்காட்சியில் அதை வைத்தார்கள். கூட்டம் தேனீ மாதிரி மொய்த்தது. யாரோ ஒருவர், இதற்கு ப்ரோகிராம் எழுதியது யார் என்று கேட்டார். மணிக்கூண்டு என்னை இழுத்து முன்னால் நிறுத்தினார்.

"நம்ம சகலைதான். கேட்டா தட்டாம எழுதிக் குடுப்பாரு. இவரு இல்லேன்னா இன்டர்நெட்ல இருந்து எடுத்துப் போட்டிருப்பேன், நல்லவேளை வீட்லயே இருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேடிக்கையாகச் சொன்னதுதான். அவர் என்னை இளக்காரம் செய்தார் என்று சொல்ல மாட்டேன். ஒருவனை இளக்காரம் செய்ய வேண்டுமென்றால்கூட முதலில் அவனை ஓர் ஆளாக மதித்திருக்க வேண்டும். என் மனைவி வீட்டுக்கு வந்து அதையே தன் அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். அத்தான் இருக்கிற இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை என்றாள். நான் இதைக் காரணமாகச் சொல்லவில்லை. பிறகு அந்தப் பல் டாக்டரோ யாரோ வந்து உங்களிடம் கண் காது மூக்கு வைத்துச் சொல்லுவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

அந்தக் குழாய்களில் ஒரு தொல்லை உண்டு. ஒரு எண் வெகுநாள் எரியாமல் கிடந்தால் அதன்மேல் கறை படிந்துவிடும். பிறகு அது பாதி எரியும், பாதி எரியாது. அதனால் எல்லா எண்களையும் அவ்வப்போது மளமளவென்று ஓடவிடுவது எங்கள் வழக்கம். எண்களுக்கு உடற்பயிற்சி என்போம். அந்த ஓட்டம் முடிந்ததும் கடிகாரம் பழையபடி மணிக்கு வந்து நிற்கும். நான் செய்தது சின்னத் திருத்தம். என் பாக்கெட்டில் இருக்கிற கைப்பேசியை ஒரு தரம் அழுத்தினால் ஓட்டம் தொடங்கும், முடிகிற இடத்தில் தப்பான மணி வந்து நிற்கும். இரண்டு மூன்று மூச்சு விடுகிற நேரம் அப்படியே நிற்கும். பிறகு மறுபடி ஓடி, சரியான மணியில் நிற்கும். வேறொன்றும் இல்லை. சொல்லும்போது சாதாரணமாக இருக்கிறது, ஆனால் செயற்கைக்கோள் பக்கம் ஒரு நொடிகூட நழுவாமல் இதைச் செய்வதற்குக் கொஞ்சம் மூளை வேண்டும்.

முதல் முறை வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் செய்தேன். அவர் வீட்டு முன்னறைதான் எங்கள் பட்டறை. நீளமான மேசை, ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான். கடிகாரம் அவரைப் பார்த்து இருக்கும், என் பக்கம் அதன் முதுகுதான். பாக்கெட்டில் கை விட்டு அழுத்தினேன். அவர் எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அதற்குள் மணி சரியாகிவிட்டது. அவர் சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கைகளைக் கொஞ்ச நேரம் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் கையை மடியில் போட்டு உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டாம் முறை என்னைக் கூப்பிட்டார். மணி என்ன காட்டுகிறது, வந்து பார் என்றார். நான் எழுந்து சுற்றிப் போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது, அப்படியே சொன்னேன். கைப்பேசியில் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தார். கைப்பேசியும் கடிகாரமும் ஒரே மணியைக் காட்டின. அவர் கவிழ்ந்தது அங்கேதான். இரண்டும் வேறு வேறாகக் காட்டியிருந்தால் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டிருப்பார். ஒன்றாகக் காட்டியதால் தன்னைச் சந்தேகப்பட்டார்.

இது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி. தெருவில் போகிற யாராக இருந்தாலும் கடிகாரம் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மணிக்கூண்டு அப்படிச் சொல்ல மாட்டார். ஆகாசத்திலிருந்து வருகிற நேரம், மனிதன் கை படாத நேரம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். அக்கம்பக்கத்து வீடுகளில் நுழைந்து அவர்கள் கேட்காமலே கடிகாரத்தைத் திருத்திவிட்டு வருவார். வானொலியில் மணி சொன்னால் வானொலியோடு சண்டை பிடிப்பார். அப்படிப்பட்டவர் அந்தக் கடிகாரத்தைக் குறை சொல்வதை விடத் தன் கண்ணைப் பிடுங்கி எறிந்துவிடுவார். எனக்கு அது தெரியும். அவரை என்னளவு தெரிந்துவைத்திருந்தவர்கள் யாரும் இல்லை, அக்கா உட்பட.

அக்கா என்றேன். என் மனைவியின் அக்கா, மணிக்கூண்டின் மனைவி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவது. ஒரு முறை நான் அழுத்திய நேரம் பார்த்து அவர் உள்ளே வந்துவிட்டார். இருவரும் சேர்ந்தே பார்த்தார்கள். அக்கா பார்த்தவுடனே சொன்னார்:

"இது கெட்டுப்போச்சுங்க. தப்பா காட்டுது."

அதற்குள் அது சரியாகிவிட்டது. மணிக்கூண்டுக்கு ஒரு நல்ல துணை கிடைத்த நேரம் அது. மனைவி சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பார். ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? சத்தம் போட்டார். உனக்கு என்ன தெரியும், எண்கள் ஓடுகிற நேரத்தில் பார்த்துவிட்டு உளறாதே, அடுப்பு வேலையைப் பார் என்று விரட்டினார். நான் வேறு பக்குவமாக, அக்கா, அது உடற்பயிற்சி, ஓடும்போது அப்படித்தான் கன்னாபின்னாவென்று இருக்கும் என்று விளக்கினேன். அக்காவின் முகம் சுண்டிப்போனது. போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அந்த அறைப் பக்கமே வருவதில்லை. அந்தக் குடும்பத்தில் யாருடைய சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும், அன்று அக்காவுக்கும் தெரிந்தது.

பிறகு எல்லாம் தானாக நடந்தது. நான் அடிக்கடி செய்யவில்லை. அடிக்கடி செய்தால் காரியம் கெட்டுவிடும். சில வாரங்கள் சும்மா விட்டுவிடுவேன். அவர் கொஞ்சம் தெளிந்து, பழையபடி குரலை உயர்த்திப் பேசத் தொடங்கும்போது ஒரு தரம் அழுத்துவேன். அப்படியே அடங்கிவிடுவார். கார் ஓட்டுவதை நிறுத்தினார். சங்கத்தில் மற்றவர்கள் செய்துகொண்டு வருகிறவற்றைச் சோதித்துச் சொல்வது அவர் பொறுப்பு. கண் சரியில்லை, இனி சகலை பார்க்கட்டும் என்று என்னிடம் விட்டுவிட்டார். முதல் நாள் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது பல் டாக்டர் தான் செய்த ரேடியோவை இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினார். அதில் நான் ஒரு குறை கண்டுபிடித்துச் சொன்னேன். குறை இருந்தது, இல்லாததைச் சொல்லவில்லை.

கண் டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டார். கண்ணில் குறை இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்றார். அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல், யார் வீட்டுப் பையன் என்று கேட்டவராம். அதை அன்றுதான் என்னிடம் சொன்னார். சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது. இதைப் பரிதாபம் என்று எழுதுவீர்களோ என்னவோ, நான் சொல்வது அதுவல்ல. அந்தக் கை அதற்கு முன் என் தோளைத் தட்டத்தான் வரும்.

வீட்டில் என் மதிப்பு ஏறிவிட்டது. கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்று மாமியார் சொன்னாராம். என் மனைவி எனக்குத் தட்டில் போடுகிறபோது கை தாராளமானது. பட்டறையில் மணிக்கூண்டு என்னைக் கேட்காமல் எதையும் படிப்பதில்லை. மீட்டரைப் பார்ப்பார், உடனே என்னைப் பார்ப்பார். "தம்பி, இதுல என்ன இருக்கு, சொல்லு" என்பார். நான் சொல்வேன். எப்போதும் சரியாகத்தான் சொன்னேன். என்னை ஒரு பொய்யன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அந்தக் கடைசி நாள் தவிர, ஒரு வோல்ட்கூடக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். நரம்பு டாக்டர் ஒருவர் தலையைப் படம் எடுத்துப் பார்த்திருந்தார். அன்று காலை அக்காதான் அவரை அங்கே கூட்டிப் போயிருந்தார், எனக்கு வேலை இருந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் போனபோது மணிக்கூண்டு வாசலிலேயே நின்றார். இளைத்துப்போன முகத்தில் பழைய சிரிப்பு.

"தம்பி, எனக்கு ஒண்ணுமில்லையாம். தலை நல்லா இருக்காம். அப்போ கோளாறு என்கிட்ட இல்லடா, கடிகாரத்துலதான்."

சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். நல்ல செய்திதான் என்றேன். உள்ளே போனோம். மேசையில் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்து, குழாய்கள் பொருத்திய பலகையை மட்டும் ஏற்கெனவே கழற்றிப் பஞ்சு போட்ட டப்பாவில் வைத்திருந்தார். மின்சாரப் பகுதி திறந்து கிடந்தது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இது முக்கியம்.

"உன் ப்ரோகிராம்ல தப்பு இருக்காது. அதை நான் என்னைக்கும் சொல்ல மாட்டேன். நான் போட்ட கரண்ட் பகுதிதான் எங்கேயோ சறுக்குது. அதை இன்னைக்குப் பாத்துடலாம். அதுலயும் ஒண்ணும் ஆப்பிடலேன்னா, மொத்தத்தையும் நம்ம சங்கத்துப் பொண்ணுகிட்ட குடுப்போம். புதுக் கண்ணு ஒண்ணு படட்டும்."

என் ப்ரோகிராமை அவர் அந்த அளவுக்கு நம்பினார் என்று கேட்டதும் மனம் இளகியிருக்க வேண்டும் என்பீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதைக் கண்காட்சியில் நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் என்ன? கதவைச் சாத்திக்கொண்டு, கடிகாரத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, இரண்டு பேர் மட்டும் இருக்கிறபோது சொல்கிறார். அதோடு அந்தப் பெண்ணின் பேச்சு வேறு. அவள் பிரித்தால் அரை நாளில் கண்டுபிடித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அப்படித் தெரிந்துவிட்டால் சங்கத்து நாற்காலி போகும், மாமியார் வீட்டுப் பேச்சு போகும். மறுபடி நான் யார்? அதைத்தான் யோசித்தேன். அதிக நேரம் யோசிக்கவில்லை.

அவருடைய மின்சாரப் பகுதி பழைய ரேடியோ காலத்து முறை. இப்போதெல்லாம் சின்ன அடாப்டரில் வேலையை முடித்துக்கொள்கிறார்கள், தொட்டால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். அவர் கேட்க மாட்டார். பழைய ரேடியோவின் டிரான்ஸ்ஃபார்மரைச் சுவர் ப்ளக்கிலிருந்து நேராக ஓட்டி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற உருண்டையான பெரிய கெப்பாசிட்டர்களை வைத்திருந்தார். ஆளை அடித்துப் போடுகிற சரக்கு. இதில் கை வைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மறுகையால்தான் வேலை செய்வார்கள். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் ஒன்றில் நுழைந்து மார்பு வழியாக மற்றதில் இறங்கும். மணிக்கூண்டு இதைச் சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தவர்.

ப்ளக்கைப் பிடுங்கு என்றார். சுவிட்ச் பலகையில் இரண்டு ப்ளக் இருந்தது, ஒன்று கடிகாரத்துக்கு, ஒன்று மேசை விளக்குக்கு. பகல் நேரம், விளக்கு போடவில்லை. நான் விளக்கின் ப்ளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கியாச்சு என்றேன். அவர் இருந்தாலும் மின்சாரம் இருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பார்த்தார். வழக்கம் விடாத மனிதர். கொஞ்ச நேரம் மீட்டரையே பார்த்தார்.

"தம்பி, எனக்கு நூத்தி எழுபதுன்னு தெரியுது. நீ பாரு."

நான் குனிந்து பார்த்தேன். நூற்று எழுபதுதான் இருந்தது.

"சைபர்தாண்ணே," என்றேன்.

அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டீர்களானால், விழுந்துவிட்டது. காலையில் டாக்டர் கொடுத்த சந்தோஷம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது என்று முணுமுணுத்தார். மறுபடி மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தபின் மீட்டரைப் பார்க்கவில்லை. இடது கை அப்போதும் பாக்கெட்டில்தான் இருந்தது. எல்லாவற்றையும் மறந்தாலும் அதை மறக்கவில்லை. நான் டார்ச்சை ஒரு கையிலும் இடுக்கியை மறுகையிலும் எடுத்துக்கொண்டேன். பெட்டி ஆடுகிறது, கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். இடது கையை வெளியே எடுத்து அந்த இரும்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார், வலது கை உள்ளே போனது.

சத்தம் ஒன்றும் பெரிதாக வரவில்லை. அக்கா கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்கவில்லை. நான் முதலில் சரியான ப்ளக்கைப் பிடுங்கினேன். விளக்கின் ப்ளக்கைத் திரும்பச் செருகினேன். மீட்டரை அணைத்தேன். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், பிறகு அக்காவைக் கூப்பிட்டேன். எல்லாம் வரிசையாகச் செய்தேன். பார்வை சரியில்லாதவர், தனியாகக் கை வைக்காதீர்கள் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன் என்று வந்தவர்களிடம் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். நம்புவதற்கு நான் ஏற்கெனவே இடம் போட்டு வைத்திருந்தேன் அல்லவா.

ப்ரோகிராமை அழித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். பதினைந்து நாள் வீட்டில் நிறையப் பேர் இருந்தார்கள், ஆனால் நேரம் கிடைக்காமல் இல்லை. அழிக்க மனம் வரவில்லை. அவ்வளவு அழகாக வந்திருந்தது. அக்கா அந்தக் கடிகாரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் அந்தப் பெண்ணிடம் கொடுப்பார் என்று நான் நினைக்கவில்லை. 'நானும் பார்த்தேன், அது தப்பாகத்தான் காட்டியது' என்று சொல்லிக் கொடுத்தாராம். அவள் பிழை என்கிறாள். பிழை என்றால் எழுதியவனுக்குத் தெரியாமல் நடந்தது. இதில் எனக்குத் தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை.

கொலை என்று நீங்கள் எழுதுகிறீர்கள், மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தே தெரிகிறது. அது உங்கள் தொழில். நான் அவரைத் தொடக்கூட இல்லை. ஒரு எண்ணைக் கேட்டார், ஒரு எண்ணைச் சொன்னேன். கண் அவருடையது, அதை நம்பியிருக்கலாம். யார் தடுத்தது? சரி, நான் சொன்னால் அவர் நம்புவார் என்று தெரிந்துதான் சொன்னேன். பிடிக்கச் சொன்னால் பிடிப்பார் என்று தெரிந்துதான் சொன்னேன். சாவார் என்பதும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதையெல்லாம் சீக்கிரம் எழுதி முடித்தால் நல்லது. இரண்டு நாளாக அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏதோ கோபம், நாலு நாளில் ஆறிவிடும். அந்த வீட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாள் வேறு சரியாக விழுவதில்லை, மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆண் துணை இல்லாத வீடு. அவருக்கென்று இருப்பது இப்போது நான் ஒருவன்தான், நானும் போகாவிட்டால் அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?